ஏழாம் நம்பர் மட்டையின் தூரம்

ஜிந்துப்பிட்டி, கொழும்பு 13
9 மார்ச் 1997

அக்கா,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். கடிதத்தின் முதல் வரியிலேயே அதை எழுத வேண்டும் என்பது உன் கட்டளை. எழுதிவிட்டேன். நாலு மாதமாக நீ கடிதம் போடவில்லை. தீபாவளிக்கு நான் நுவரெலியாவுக்கு வரவில்லை என்ற கோபம். தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் சந்தில் ஆமிச் சுற்றிவளைப்பு நடந்து பதினொரு பையன்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் கோல்ஃப் மைதானத்தில் மட்டைப் பை சுமந்துகொண்டிருந்ததால் தப்பினேன். அதற்குப் பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், கதவைத் திறக்கவே பயமாக இருந்தது. இதை அப்போதே எழுதியிருந்தால் நீ தூங்கியிருக்க மாட்டாய், அதனால்தான் எழுதவில்லை.

இப்போது வேறு செய்தி. மலேசியாவில் ஒரு பெரிய ஹோட்டலின் கோல்ஃப் மைதானத்துக்கு இரண்டு பேர் தேவையாம். வருகிற விருந்தாளிகளுக்கு விளையாடச் சொல்லிக் கொடுக்கும் வேலை. நவம்பர் கடைசியில் அவர்களுடைய ஆள் கொழும்புக்கு வந்து எங்களை மாதிரிப் பை சுமக்கிற கெடிமாரிலிருந்து ஆள் எடுப்பார். இரண்டு நாள் விளையாட்டு. குறைந்த அடியில் முடிக்கிற இரண்டு பேருக்கு விசாவும் டிக்கெட்டும் அவர்கள் பொறுப்பு. அக்கா, இந்த ஊரை விட்டுப் போக எனக்கு இருப்பது இந்த ஒரு வழிதான். வேறு எந்த வழியும் இல்லை, யோசித்துப் பார்த்துவிட்டேன்.

குழிக்குக் கிட்டே வந்துவிட்டால் என்னை வெல்ல இங்கே ஆளில்லை. தூரம்தான் போதாது. மற்றவர்கள் ஏழாம் நம்பர் மட்டையால் நூற்றைம்பது தப்படி அடிக்கிற இடத்தில் நான் நூற்று முப்பதோடு நிற்கிறேன். நான் வழக்கமாகப் பை சுமக்கிற சிவபாதசுந்தரம் ஐயாவை உனக்கு எழுதியிருக்கிறேன், வெள்ளவத்தையில் இருப்பவர். அவர் சொன்னார்: "உன்னட்டக் கை இருக்கு சங்கிலி, உடம்புதான் இல்லை. வெயிட் அடி." அதனால் கொட்டாஞ்சேனையில் செல்லையா மாஸ்டரின் ஜிம்மில் சேர்ந்துவிட்டேன். பெரிதாக நினைக்காதே. ஒரு தகரக் கொட்டகை, ஒரு நீளக் கண்ணாடி, இரண்டு இரும்புப் பார், சீமெந்து ஊற்றிய பால்மா டின்கள். மைதானத்தில் பையை இறக்கி வைத்துவிட்டு நேரே அங்கே போகிறேன்.

கோபம் தீர்ந்தால் எழுது.

சங்கிலி

*

மேல் பிரிவு லயம், நுவரெலியா
23 மார்ச் 1997

தம்பி சங்கிலிக்கு,

கோபம் தீரவில்லை. ஆனால் சிரிப்பு வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். பாரம் தூக்குவதற்கு நீ காசு கட்டுகிறாயா? இங்கே வா, இருபது கிலோ தேயிலைக் கொழுந்தை முதுகில் ஏற்றி விடுகிறேன். மலையில் ஏறி இறங்கு, சம்பளமும் தருவார்கள். உன் கடிதத்தைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வாசித்துக் காட்டினேன். சீனியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏன்டி மயிலு, ஒந்தம்பிக்கு கொழும்புத் தண்ணி ஒத்துக்கலியா? காசு குடுத்து மூட்ட தூக்குறானே!" என்று கேட்டாள். நாள் முழுக்க அதே பேச்சுத்தான்.

சிரித்து முடித்துவிட்டேன், இனிச் சொல்வதைக் கேள். இங்கத்துக் கோல்ஃப் மைதானத்து ஓடைக்குள் இறங்கிக் காலால் தடவிப் பந்து எடுத்த நாளிலிருந்து உன் கையைப் பார்த்தவள் நான். கொய்யாக் கம்பால் நீ அடித்தாலும் பந்து நான் விரித்து வைத்த சாக்கிலே வந்து விழும். அது பலத்தால் வந்ததில்லை. எவ்வளவு வேண்டும் என்று உன் கைக்குத் தெரியும், அவ்வளவுதான். உடம்பை மாற்றினால் அந்தக் கை தடுமாறிப் போகும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

மலேசியாவுக்குப் போக முடிந்தால் போ. இங்கே வந்தால் உனக்கு வேலை இல்லை. அங்கே இருந்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பிடித்துக்கொண்டு போவார்கள். நீ கண்காணாத தூரத்தில் இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை. எங்கே இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும்.

மயிலம்மா

*

ஜிந்துப்பிட்டி
15 ஜூன் 1997

அக்கா,

உன் வாயில் சீனி போட வேண்டும். சொன்னது அப்படியே நடந்துவிட்டது.

முதல் இரண்டு மாதம் நான் தரையில் நிற்கவில்லை. நெஞ்சு மூன்று அங்குலம் கூடிவிட்டது. பழைய சட்டை ஒன்றும் பொத்தான் போட முடியாது. பெரிய மட்டையால் அடித்தால் பந்து முன்பை விட இருபத்தைந்து தப்படி தள்ளிப் போய் விழுந்தது. மற்றக் கெடிமார் பையை வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். இனி என்ன, மலேசியாதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பிழைக்கத் தொடங்கியது. ஏழாம் நம்பர் ஒரு தடவை நூற்று முப்பது போகிறது, அடுத்த தடவை நூற்றைம்பத்தைந்து போய்ச் சுவரில் படுகிறது. எது போகும் என்று அடிக்கும் முன் எனக்கே தெரியாது. குழிக்கு ஆறு அடியில் நின்று தட்டினால் பந்து குழியைப் பார்க்காமல் ஓடுகிறது. மட்டையைத் தூக்கும்போது என் இடது தோள் எப்போதும் தாடைக்குக் கீழே வந்து நிற்கும். இப்போது நெஞ்சுச் சதை இடிக்கிறது, தோள் பாதியில் நின்றுவிடுகிறது. கண்ணாடிக்கு முன்னால் நின்று, கண்ணாடியில் தெரிகிற இடத்தை மட்டும் வளர்த்திருக்கிறேன். பதினெட்டுக் குழியையும் எழுபத்தைந்து அடியில் முடித்தவனுக்கு இப்போது எண்பத்திரண்டு அடி. சிவபாதசுந்தரம் ஐயா பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

விட்டுவிட்டால் பழையபடி தூரம் போதாது. விடாவிட்டால் இப்படி. இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது. ராத்திரியில் படுத்தால் வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காது பார்க்கிறது, மனம் இந்த எண்பத்திரண்டைப் பார்க்கிறது. எனக்கு அழுகை வருகிறது அக்கா.

சங்கிலி

*

நுவரெலியா
1 ஜூலை 1997

தம்பி,

அழுது முடித்துவிட்டாயா? இனிக் கேள்.

புதிதாக மலைக்கு வருகிற பெண்கள் கொழுந்துச் சாக்கைக் கையால் இழுத்துத் தூக்குவார்கள். இரண்டு நாளில் இடுப்புப் பிடித்து லயத்து வீட்டில் படுத்துவிடுவார்கள். பழகியவள் அப்படிச் செய்ய மாட்டாள். குந்தி இருந்து, பாரத்தைத் தோளுக்கு ஏற்றி, தொடையால் எழும்புவாள். கை சும்மா பிடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் நாள் முழுக்கச் சுமந்த பிறகும் சீனியம்மாவின் விரல் கொழுந்தை நோகாமல் கிள்ளுகிறது. நீ பந்து அடிப்பதும் காலிலும் இடுப்பிலும் இருந்துதானே வருகிறது? சின்ன வயதில் உன் குதிகால் திரும்புவதைப் பார்த்தே பந்து எங்கே விழும் என்று நான் ஓடியிருக்கிறேன். நெஞ்சையும் கையையும் விடு. அந்தப் பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்பு. மாஸ்டர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இன்னொன்று. உன் பழைய தூரமெல்லாம் மனதில் இருக்கிறது. அது பழைய உடம்பின் தூரம். புது உடம்புக்குப் புதிதாக அளக்க வேண்டும். மனதை நம்பாதே, ஒரு கொப்பி வாங்கி எழுது. எந்த மட்டை, எங்கே நின்று, எத்தனை தப்படி, காற்று எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் எழுது. எட்டாம் வகுப்பு வரை உன்னைப் படிக்க வைத்தது சும்மாவா?

மயிலம்மா

*

ஜிந்துப்பிட்டி
12 அக்டோபர் 1997

அக்கா,

எழுபது! போன திங்கட்கிழமை எழுபதில் முடித்தேன். உனக்கு உடனே சொல்ல வேண்டும் என்று கிடந்தேன், முத்திரை வாங்கத்தான் இவ்வளவு நாளாயிற்று.

நீ சொன்னதைச் செல்லையா மாஸ்டரிடம் சொன்னேன். "ஆரடா உனக்கு இதைச் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். கொழுந்து பறிக்கிற அக்கா என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அவவைக் கூட்டிக்கொண்டு வா, எனக்கும் படிப்பிக்கட்டும்" என்றார். தோளில் பாரை வைத்து வாரத்துக்கு மூன்று நாள் குந்தி எழும்புகிறேன். இப்போது எண்பது கிலோ. தோளின் இரண்டு பக்கமும் கறுத்துக் காய்த்துப் போய்விட்டது, தொட்டால் மரம் மாதிரி இருக்கிறது. ஆனால் நெஞ்சு இறங்கிவிட்டது, இடது தோள் பழையபடி தாடைக்குக் கீழே வருகிறது. கைக்கு ஒரு வேலையும் இல்லை, கால் எல்லாவற்றையும் செய்கிறது. ஏழாம் நம்பர் நூற்றறுபத்திரண்டு. பத்துத் தடவை அடித்தால் ஒன்பது தடவை அதே நூற்றறுபத்திரண்டு.

கொப்பியும் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை கெடிமாரின் நாள், அங்கத்தவர் யாரும் வருவதில்லை. மைதானம் முழுக்க நடந்து நடந்து அளந்தேன். ஒவ்வொரு குழிக்கும் ஒரு பக்கம், படம் கீறியிருக்கிறேன். ரயில் பாதைச் சுவரிலிருந்து எவ்வளவு, தண்ணீர்த் தாங்கியிலிருந்து எவ்வளவு, வாசல் காவலறையிலிருந்து எவ்வளவு, எல்லாம் இருக்கிறது. கொப்பியைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம்.

ஒரு வேடிக்கை. நேற்றுச் சந்திச் சோதனைச் சாவடியில் நின்ற ஆமிக்காரப் பையன் என் கையை அமத்திப் பார்த்துவிட்டு, "மல்லி, நீயும் ஆமியா?" என்று தம்பி முறை சொல்லிச் சிங்களத்தில் கேட்டான். இல்லை, கோல்ஃப் என்றேன். சிரித்துவிட்டு விட்டான்.

சங்கிலி

*

நுவரெலியா
3 நவம்பர் 1997

தம்பி,

கோயில் விபூதி உள்ளே வைத்திருக்கிறேன். விளையாடப் போகிற அன்று பூசிக்கொள்.

நீ எழுபதில் முடித்த நாளை லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன். சீனியம்மா இப்போது தன்னால்தான் நீ நன்றாக அடிக்கிறாய் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அந்தச் சனியனுக்கு ஒரு மலேசியாச் சேலை அனுப்பிவிடு.

ஒன்று மட்டும் கவனம். அந்தக் கொப்பியை அறையிலும் வைக்காதே, கெடிமாரின் கொட்டகையிலும் வைக்காதே. உன்னோடு போட்டிக்கு நிற்கிறவன் எவனாவது எடுத்துப் பார்த்துவிட்டால் நீ நடந்து அளந்ததெல்லாம் அவனுக்குப் போய்விடும். போகும்போதும் வரும்போதும் மடியிலேயே வைத்துக்கொள். தூங்கும்போதும் மடியில் இருக்கட்டும்.

முடிந்த அன்றே ஒரு தந்தி அடி. காத்திருப்பேன்.

மயிலம்மா

*

நுவரெலியா
4 டிசம்பர் 1997

சங்கிலி,

தந்தி வரும் வரும் என்று பத்து நாளாகத் தபாற்காரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் இங்கிருந்து போட்டிக்குப் போன பையன் திரும்பி வந்து சொன்னான். முதல் நாள் அறுபத்தொன்பதாம். எல்லாருக்கும் முன்னால் நின்றாயாம். இரண்டாம் நாள் நீ வரவே இல்லையாம். உன் பெயரை மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு வெட்டிவிட்டார்களாம்.

எங்கே போனாய்? குடித்தாயா? முதல் நாள் வென்ற களிப்பில் எவனாவது வாங்கிக் கொடுத்திருப்பான், நீ குடித்துவிட்டுப் படுத்திருப்பாய். அப்பாவும் இப்படித்தான். கையில் வந்ததைக் கொட்டிவிட்டுப் பிறகு தலையில் அடித்துக்கொள்வார். நான் மலையில் நின்று எத்தனை நாள் உனக்காக வேண்டினேன் என்று உனக்குத் தெரியுமா? எனக்கு முகம் காட்டாதே. பதிலும் எழுதாதே.

மயிலம்மா

*

20 பெப்ரவரி 1998

அக்கா,

உயிரோடு இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை இங்கிருந்து விடுதலையாகிப் போகிற ஒருவர் சப்பாத்துக்குள் வைத்துக் கொண்டுபோகிறார். தபாலில் போட்டால் வாசித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். கொழும்புக்குத் தெற்கே ஒரு மறியற்சாலையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். முதல் ஆறு கிழமை வேறு இடத்தில் வைத்திருந்தார்கள். அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

முதல் நாள் அறுபத்தொன்பதில் முடித்தேன். இரண்டாவது ஆளுக்கு என்னை விட மூன்று அடி கூடுதல். சந்தோசத்தில் பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தேன். சாவடியில் அந்தப் பழைய பையன் இல்லை, புதியவர்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். தோளில் இருந்த காய்ப்பைப் பார்த்தார்கள், உள்ளங்கைக் காய்ப்பைப் பார்த்தார்கள். நீ புலியா, எங்கே பயிற்சி என்று கேட்டார்கள். கொட்டாஞ்சேனை ஜிம்மில் என்றேன். பிறகு மடியைத் தடவிக் கொப்பியை எடுத்தார்கள். நீ சொன்னபடி மடியில்தான் வைத்திருந்தேன்.

படம். ரயில் பாதைச் சுவரிலிருந்து நூற்றுப் பத்து. தண்ணீர்த் தாங்கியிலிருந்து நூற்றறுபத்திரண்டு, காற்று மேற்கிலிருந்து. காவலறையிலிருந்து இருநூற்று ஐந்து. எதை அடிக்க இந்த அளவெல்லாம் என்று கேட்டார்கள். பந்தை என்றேன். கோல்ஃப் என்றேன். பெரிய ஐயா ஒருவர் நல்ல தமிழில் கேட்டார், "கோல்ஃப் பெரிய இடத்து மகத்தயாமார் விளையாடுறது. தோட்டத்துப் பையன் உனக்கு ஏன் கோல்ஃப்?"

ஒரு கடிதம் போதும் என்று இங்கே வழக்குப் பேச வருகிற சட்டத்தரணி சொல்கிறார். விளையாட்டுத் தெரிந்த மதிப்பான ஆள் ஒருவர், இந்தக் கொப்பி கோல்ஃப் கொப்பி என்று ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். வெள்ளவத்தைக்குப் போய் சிவபாதசுந்தரம் ஐயாவைப் பார். ஆறு வருசம் அவருடைய பையைச் சுமந்திருக்கிறேன். செல்லையா மாஸ்டரிடமும் போ. அவருடைய பதிவுப் புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது. மைதானத்தில் கெடிமாருக்குப் பொறுப்பான மூத்த கெடி மார்ட்டின் அய்யே, எங்கள் சிங்கள அண்ணன், இருப்பார், அவரிடமும் சொல்.

சங்கிலி

*

நுவரெலியா
29 மார்ச் 1998

தம்பி சங்கிலிக்கு,

இது தபாலில் வருகிறது. அதனால் உனக்கு முன்னால் இதை வாசிக்கிற ஐயாவுக்கு முதலில் சொல்கிறேன். ஐயா, நான் சங்கிலியின் அக்கா. கொழுந்து பறிக்கிறவள். அந்தக் கொப்பியில் இருப்பது பந்து போகிற தூரம். அதை எழுதச் சொன்னது நான். தோளில் பாரம் வைத்துப் பழகச் சொன்னதும் நான். தோளில் காய்ப்பு இருந்தால் குற்றம் என்றால் எங்கள் மலையில் இருக்கிற அத்தனை பெண்களையும் நீங்கள் பிடிக்க வேண்டும். இனி இது என் தம்பிக்கு.

கொழும்புக்குப் போய் நாலு நாள் நின்றேன். நான் போய்ப் பார்த்த ஐயாவின் பெயரை எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். கடற்கரைப் பக்கத்து மாடி வீடு. அவருடைய மனுசி நல்ல மாதிரி, கதிரை போட்டு இருக்கச் சொன்னார். நான் சொன்னதையெல்லாம் ஐயா கேட்டார். கண் கலங்கினார், பொய் சொல்லக் கூடாது. பிறகு சொன்னார்: "பிள்ளை, அவன்ர கொப்பி என்னெண்டு எனக்குத் தெரியும். விளையாடுற ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். ஆனா அதை நான் எழுதிக் குடுத்தா அடுத்த நாள் இந்த வீட்டுக்கு வருவாங்கள். நானும் தமிழன்தானே. எனக்கு ரெண்டு பெடியள் இருக்கிறாங்கள்." "தேத்தண்ணியைக் குடியும் பிள்ளை, ஆறுது" என்று மனுசி சொன்னார். குடித்தேன். அவருடைய மகன் ஒருவன் உள்ளே படித்துக்கொண்டிருந்தான், உன் வயது வராது. நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். இருந்தாலும் அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஜிம் பூட்டிக் கிடக்கிறது. மாஸ்டர் பதிவுப் புத்தகத்தை எரித்துவிட்டு எங்கேயோ போய்விட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மைதானத்தில் மார்ட்டின் அய்யே என்னைக் கண்டதும் அழுதார். டிசம்பரிலேயே பொலிசுக்குப் போய் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாராம். பை சுமக்கிறவனுக்குப் பை சுமக்கிறவன் சாட்சியா என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம்.

உன் அறைக்கும் போனேன். டிசம்பரில் நான் போட்ட கடிதம் கதவுக்குக் கீழே பிரிக்காமல் கிடந்தது. எடுத்துக் கிழித்துப் போட்டேன். அதில் என்ன இருந்தது என்று கேட்காதே. நீ அதை வாசிக்கவில்லை, எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அதுதான்.

மடியில் வைக்கச் சொன்னது நான். வெளியில் இருக்கிற இத்தனை பேருக்குப் பயப்படாமல், பக்கத்தில் நின்று பை சுமக்கிற ஏழைகளுக்குப் பயந்தேன். அவர்கள் திருடிவிடுவார்கள் என்று நினைத்தேன். கொட்டகையில் வைத்திருந்தால் நீ இப்போது மலேசியாவில் இருப்பாய்.

மயிலம்மா

*

ஜிந்துப்பிட்டி
16 ஆகஸ்ட் 1998

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். வெளியே வந்துவிட்டேன். குற்றம் ஒன்றும் இல்லை என்று நீதவான் சொல்ல மூன்று நிமிசம் எடுத்தது. எட்டு மாதமும் மூன்று கிழமையும் கழித்து அந்த மூன்று நிமிசம்.

நீ உடனே பஸ் ஏறிவிடாதே. குற்றம் இல்லை என்றாலும் இனி ஒரு வருசத்துக்கு ஒவ்வொரு ஞாயிறும் பொலிசில் கையெழுத்து வைக்க வேண்டும், அதனால் நானும் அங்கே வர முடியாது. நீ வந்து என்னைப் பார்ப்பதும் வேண்டாம்.

இடது கை தானாக மேலே எழும்பாது. தோளுக்கு என்ன நடந்தது என்று எழுத மாட்டேன், நீயும் கேட்காதே. ஆஸ்பத்திரியில் நரம்பு என்றார்கள், காலம் கடந்துவிட்டது என்றார்கள். வலது கையால் தலை சீவிக்கொள்கிறேன். சட்டை போட யோசெப்பின் அக்கா உதவி செய்கிறார், நான் இருக்கிற அறை அவருடையது. பையின் வாரைத் தோளில் மாட்ட முடியாது, ஆகவே கெடி வேலையும் இல்லை. மார்ட்டின் அய்யே கொட்டகையில் வைத்துப் பந்து கழுவத் தருகிறார். ஒரு கையால் கழுவலாம்.

போட்டியில் என்னை விட மூன்று அடி பின்தங்கிய பையன் ஜனவரியில் மலேசியாவுக்குப் போய்விட்டான். மார்ட்டின் அய்யேக்குப் படம் அனுப்பியிருக்கிறான். நல்ல பச்சையான மைதானம்.

கொப்பியைத் திருப்பித் தந்தார்கள். ஒரு பக்கமும் குறையவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் பொலிஸ் முத்திரை குத்தியிருக்கிறது. பிரித்துப் பார்த்தேன். எல்லா அளவும் சரிதான், அதை அடித்தவன்தான் இல்லை.

மடியில் வைக்கச் சொன்னதற்காக நீ அழாதே. நீ சொல்லாவிட்டாலும் நான் அங்கேதான் வைத்திருப்பேன். மட்டையைத் தொடவில்லை, இனித் தொடவும் மாட்டேன். கை சரியாகிவிடும் என்று மட்டும் எழுதாதே.

சங்கிலி

*

நுவரெலியா
25 ஆகஸ்ட் 1998

தம்பி,

சரியாகிவிடும் என்று நான் எழுதவில்லை. சரியாகாது என்று உன் எழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வரிகள் எல்லாம் ஒரு பக்கமாக இறங்குகின்றன, இடது கையால் தாளைப் பிடிக்கவில்லை.

நான் வருவேன், தீபாவளிக்கு முன் வருவேன். நீ வேண்டாம் என்றாலும் வந்து வாசலில் இருப்பேன். அதற்கு முதல் ஒன்று கேட்கிறேன்.

உடம்பு மாறினால் அளக்க வேண்டும் என்று உனக்குச் சொன்னேன். நீ அளந்தாய், எழுதினாய். இப்போதும் உடம்பு மாறியிருக்கிறது. மட்டையை எடுத்து அடி. எவ்வளவு போகிறது என்று நடந்து அளந்து எழுது. உனக்கு ஆறுதல் வரும் என்று கேட்கவில்லை. மலையில் நிற்கும்போது, தண்ணீர் அள்ளும்போது, நாள் முழுக்க எனக்கு இதே நினைப்புத்தான். நான் எழுதிய அந்த ஒரு வரியால் உன்னிடமிருந்து எவ்வளவு போனது என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் இருந்தால் அது பெருகிக்கொண்டே போகிறது. ஒரு கணக்காகத் தெரிந்தால் அதைச் சுமந்துவிடுவேன், சுமக்கத் தெரிந்தவள் நான். என் மேல் உனக்குப் பாசம் இருந்தால் கூட்டி எழுதாதே.

மயிலம்மா

*

ஜிந்துப்பிட்டி
8 செப்டம்பர் 1998

அக்கா,

நேற்றுத் திங்கட்கிழமை, கெடிமாரின் நாள். எல்லாரும் விளையாடி முடிந்து போகும் வரை கொட்டகையில் இருந்தேன். பிறகு மார்ட்டின் அய்யேயிடம் ஏழாம் நம்பர் மட்டையைக் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் எடுத்துத் தந்தார். தந்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இடது கையை வலது கையால் தூக்கி மட்டையில் வைத்தேன். விரல் பிடிக்கிறது, கைதான் தூக்காது. கால் இன்னும் நன்றாக இருக்கிறது அக்கா. நீ சொல்லித் தந்த கால். அது பழையபடி திரும்பியது, இடுப்பும் திரும்பியது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மூன்று பந்து அடித்தேன். இரண்டு பந்து மட்டையில் சரியாகப் படவில்லை, அதை எழுதவில்லை. மூன்றாவது நன்றாகப் பட்டது. மட்டையில் பட்ட சத்தம்கூட முந்தின மாதிரியே இருந்தது.

கொப்பியில் ஏழாம் நம்பர் பக்கத்தில் நூற்றறுபத்திரண்டு என்று எழுதி அதன் மேல் முத்திரை இருக்கிறது. அதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது, அங்கே எழுதினேன். பிழைத்துவிட்டதோ என்று திரும்ப ஒரு தரம் நடந்து பார்த்தேன், அதே அளவுதான். நீ கேட்டபடி கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

ஏழாம் நம்பர், பதினெட்டுத் தப்படி. காற்று இல்லை.

சங்கிலி